என்னிடம் ஜெயித்த பெண்ணுக்கு

கஸ்தூரிக்கு,

அன்புள்ள என்று போட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். நான் போடவில்லை. கோபத்தில் இருக்கிறவன் எதற்குப் பொய்யாக எழுத வேண்டும்? நீ அடுப்படியில் இருக்கிறாய். நான் கூடத்துக் கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்கிறேன். நடுவில் ஒரு சுவர்தான். ஒரே வீட்டுக்குள் கடிதம் எழுதுகிற பைத்தியக்காரன் காஞ்சிபுரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? நேற்று வாயால் சொல்லிப் பார்த்தேன். நான் கத்த ஆரம்பித்ததும் "ரசம் பொங்கிடும் நைனா" என்று எழுந்து போய்விட்டாய். பின்னாலேயே வந்து கத்த எனக்குக் கால் இல்லை. காகிதம் என்றால் நீ எழுந்து போனாலும் அது அங்கேயே கிடக்கும், திரும்பி வந்து படித்துத்தான் ஆக வேண்டும். உன் அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், வழியிலேயே நின்று பாதியைப் படித்துவிடுவாள். படிக்கட்டும். தெருவே கூடி நின்று படித்தாலும் எனக்குக் கவலை இல்லை.

உனக்கு வேலை உத்தரவு வந்திருக்கிறது. தர்மபுரிப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து யூனியனில் முக்கிய சேவிகா வேலை. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, மாதர் சங்கம் தொடங்கி, பிள்ளைப்பேறு, பால்வாடி, தண்ணீர் என்று அவர்களுடைய குறைகளைக் கேட்டு ஆபீசுக்குக் கொண்டுபோகிற வேலை. வருகிற வியாழக்கிழமை போய்ச் சேர வேண்டும். அந்த உத்தரவு வந்த அன்று நீ வாசலுக்கும் கொல்லைக்குமாக எத்தனை முறை நடந்தாய் என்று எனக்குத் தெரியும், அப்போது எனக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன, நானும் உன் பின்னாலேயே நடந்தேன். அடுத்த வாரம் நான் ஏணியிலிருந்து விழுந்தேன். முந்தாநாள் உன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கஸ்தூரி போவலியாம். நைனா இப்டி கெடக்கும்போது நான் எப்டிம்மா போறது, மைக் செட்டு கடைய யாரு பாப்பாங்கன்றா. எப்பேர்ப்பட்ட பொண்ணு பெத்திருக்கறோம் பாரு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த காபி டம்ளரைச் சுவரில் அடித்திருப்பேன். சூடாக இருந்ததால் விட்டேன்.

அதற்குள் செய்தி செவிலிமேடு வரைக்கும் போய்விட்டது. நேற்று சாயங்காலம் உன் பெரியப்பா வந்தார். நாலு சாத்துக்குடியை வைத்துவிட்டு, "பொண்ணுன்னா இப்டி இருக்கணும்பா. வேலையாவது வெங்காயமாவது, அப்பன்தான் முக்கியம்னு நின்னுட்டா பாரு" என்று ஆரம்பித்தார். உன்னைக் கல்லூரியில் சேர்த்தபோது இதே மனிதர் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "பொட்டப் புள்ளைக்கு மெட்ராசுல இன்னாபா படிப்பு, நெலத்த வித்து மைக் செட்டு வாங்கனவன் புத்தி வேற எப்டி இருக்கும்" என்று சொன்னவர். அவர் வாயால் உனக்குப் பாராட்டு. அவர் பாராட்டுகிற காரியத்தைச் செய்திருக்கிறோமே என்று உனக்கு உறைக்க வேண்டாமா? எனக்கு உறைத்தது. சாத்துக்குடி இன்னும் அப்படியே கிடக்கிறது, நான் தொடவில்லை.

உன்னைப் பி.ஏ. சேர்த்தபோது என் மனதில் ஒரு கணக்கு இருந்தது, அதை மறைக்கவில்லை. பி.ஏ. முடிப்பாய், ஆசிரியர் பயிற்சிக்குப் போவாய், பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேருவாய், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாய். அவ்வளவுதான். முதல் வருஷமே நீ அதைக் கலைத்தாய். காலாண்டு லீவுக்கு வந்தவள், கல்லூரி நாடகத்தில் இருக்கிறேன் என்றாய். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தறி நின்றது. "மேடை ஏறி ஆடத்தான் உன்னை அனுப்புனேனா?" என்றேன். நீ பயப்படவே இல்லை. "நான் எங்க நைனா ஆடறேன்? அவங்க செட்டு ஊன்னு கத்திக்கினு இருந்துது. மைக்கைக் கொண்டாந்து ஸ்பீக்கர் கொழாய்க்கு நேரா வெச்சிருந்தாங்க. நான் எடுத்துப் பின்னால வெச்சேன், அடங்கிப் பூடுச்சி. அதுலேருந்து திரைக்குப் பின்னால என்னைத்தான் நிக்கச் சொல்றாங்க" என்றாய். என் கடையில் ஒரு ஒயரைக்கூட உன்னைத் தொட விட்டதில்லை. எப்போது பார்த்துக் கற்றுக்கொண்டாயோ தெரியாது. பெருமையாகத்தான் இருந்தது, ஆனாலும் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே வந்து அந்தச் செட்டு எத்தனை வாட்ஸ், என்ன மேக் என்று சொல்ல ஆரம்பித்தாய், நான் வாய் திறக்கும்படி ஆகிவிட்டது. முதல் சண்டையில் அப்படித்தான் தோற்றேன்.

இரண்டாம் வருஷம் நீ ஹாஸ்டல் செயலாளர் தேர்தலில் நின்றாய். எனக்கு யார் சொன்னார்கள்? நீ சொல்லவில்லை. மெட்ராஸ் கடைகளுக்குப் புடவை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிற நம் தெருக்காரர் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேருக்கு நடுவில் கேட்டார்: "இன்னாபா, உம் பொண்ணு எலக்சன்ல ஜெயிச்சிட்டாளாமே, எப்ப கட்சி ஆரம்பிக்கறீங்க?" எனக்கு மானமே போனது. எத்தனை கட்சிக் கூட்டங்களுக்குச் செட்டுப் போட்டிருக்கிறேன்! மேடையில் பேசுகிறவனை முன்னாலிருந்து கேட்கிறவன் ஜனம். நான் பின்னாலிருந்து, மைக்கை அணைத்த பிறகு அவன் பேசுவதையும் கேட்டவன். அந்தப் பக்கமே என் பெண் போகக்கூடாது என்று நினைத்திருந்தேன். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து, உன்னைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று ஹாஸ்டலுக்கு வந்தேன்.

அன்று என்னைப் பார்வையாளர் அறையில் உட்கார வைத்துவிட்டு நீ வரவே இல்லை. ஜன்னல் வழியாக வராந்தா தெரிந்தது. திண்டிவனம் பக்கத்துப் பெண் ஒருத்தி, முதல் வருஷக்காரி, டிரங்குப் பெட்டியைக் கட்டி எடுத்து வந்து அதன் மேலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போக வேண்டுமாம். சுற்றி நின்றவர்கள் ஏன் ஏன் என்று பிடுங்கினார்கள். நீ எல்லாரையும் போகச் சொல்லிவிட்டுத் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தாய். நீ ஒன்றுமே கேட்கவில்லை. அவள் ஊரில் வேர்க்கடலை பிடுங்கியாகிவிட்டதா, மழை உண்டா என்று என்னவோ பேசிக்கொண்டிருந்தாய். அப்பன் ஒருவன் காஞ்சிபுரத்திலிருந்து வந்து காத்துக்கிடக்கிறான், நீ கடலைக் கதை பேசுகிறாய் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் தானாகவே சொன்னாள். பாடம் முழுக்க இங்கிலீஷில் நடக்கிறது, ஒன்றும் புரியவில்லை, கேள்வி கேட்டபோது முழித்தாள், வகுப்பே சிரித்துவிட்டது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டுதான் ஊருக்குப் போகிறேன் என்று அழுதிருக்கிறாள். சாயங்காலம் எல்லாரும் மரத்தடியில் உட்காருவது, புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குத் தமிழில் சொல்வது என்று நீ அங்கேயே ஏற்பாடு செய்தாய். பிறகுதான் என்னிடம் வந்து, "இன்னா நைனா, சாப்ட்டியா?" என்றாய்.

"பொட்டியக் கட்டு, போலாம்" என்றேன். "உனக்கு எதுக்கு இந்தப் பெரிய மனுசத்தனம்? உன் படிப்பு இன்னா ஆவறது?" என்று அந்த அறையே அதிரக் கேட்டேன். நீ குரலை உயர்த்தாமல், "அவ பொட்டி மேல ஒக்காந்துக்கினு இருந்தா, இப்ப எறங்கிட்டா. இதுவும் படிப்புதான் நைனா" என்றாய். ஒரு சண்டையில் தோற்றால் நான் வேறு சண்டையைத் தொடங்குவேன் என்று உனக்குத்தான் தெரியுமே. சாப்பாட்டில் குழம்பு பச்சைத் தண்ணீர் என்று கத்தினேன். உடனே என்னைச் சமையல்கட்டுக்கே கூட்டிக்கொண்டு போய், "இதையே நாங்க சொன்னா கேக்க மாட்டேன்றாங்க, நீ சொல்லு நைனா" என்று சமையல்காரர் முன்னால் நிறுத்திவிட்டாய். பெட்டியில்லாமல், பெண்ணில்லாமல், உன் ஹாஸ்டலுக்காகச் சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பினேன். இரண்டாவது தோல்வி அது.

அந்த வருஷக் கோடையில்தான் கருட சேவை. பெருமாள் கோயில் வைகாசி உற்சவத்துக்கு வருஷா வருஷம் நம் செட்டுத்தான். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து கங்கைகொண்டான் மண்டபம் வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் நம் குழாய் கட்டியிருக்கும். பிள்ளைகள் காணாமல் போகிற திருவிழா அது. விடியற்காலையில் கருடன் மேல் சாமி கோபுர வாசலைத் தாண்டினால் எல்லாரும் ஒரே நேரத்தில் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுவார்கள், பிள்ளையைப் பிடித்த கையும் மேலே போய்விடும். நான் ஏணி மேல் நின்று ஒரு குழாயைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தக் குழாயிலிருந்தே உன் குரல் வந்தது. உன் கல்லூரி சமூக சேவை சங்கத்துப் பெண்கள் தொண்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று தெரியும். அதில் நீதான் தலைவி என்றும், பிள்ளை தேடும் பந்தலில் என் மைக்குக்கு முன்னால் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏணியில் ஒரு படி தவறினேன். அன்றைக்கே விழுந்திருக்க வேண்டியவன்.

அன்று பந்தலில் நடந்ததைக் கடையில் என்னோடு இருக்கிற முனுசாமி பிறகு சொன்னான். ஓரிக்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், சின்னப் பையனைத் தொலைத்துவிட்டாள். பிள்ளையை வீட்டில் குட்டி என்றே கூப்பிடுவதால் தொண்டர் பையன்கள் அப்பா பெயரைக் கேட்டார்கள். அவள் எப்படிச் சொல்வாள்? கட்டினவன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள். "அதாங்க, மலை மேல இருக்கறவரு பேரு" என்றாளாம். எந்த மலை என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவள் தாலியைக் காட்டுகிறாள், ஆகாசத்தைக் காட்டுகிறாள், அழுகிறாள், பெயர் மட்டும் வரவில்லை. கடைசியில் அவர்களே, "நீல நிறக் கால்சட்டை அணிந்த சிறுவன் எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும்" என்று திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். அந்தப் பிள்ளைக்குத் தான் சிறுவன் என்று தெரியுமா, அணிந்த என்றால் என்னவென்று தெரியுமா? நீ எழுந்து போய் மைக்கைக் கழற்றி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, "பேரு யாருக்கு வேணும்? வூட்ல சோத்துக்கு எப்டி கூப்புடுவியோ அப்டியே கூப்புடும்மா" என்றாய்.

என் மைக்கை நானும் முனுசாமியும் தவிர யார் கையிலும் கொடுப்பதில்லை என்பது கடை வைத்த நாளிலிருந்து சட்டம். ஐயம்பேட்டைக் கல்யாணத்தில் ஒரு குடிகாரன் மைக்கைப் பிடுங்கி மாப்பிள்ளை வீட்டுப் பரம்பரையையே திட்டி, தாலி கட்டுவதே நின்றுபோகப் பார்த்தது உனக்கும் தெரியும். அப்படிப்பட்ட மைக்கில் திடீரென்று எவளோ ஒருத்தி, "டேய் குட்டி, சோறு ஆறுதுடா, வாடா, எங்கடா பூட்ட" என்று கத்துகிறாள். ஊர் முழுக்கக் கேட்கிறது. நான் ஏணியிலிருந்து வேகமாக இறங்கினேன், உன்னை அறைவதற்காகத்தான். கீழே பார்த்தால் என் கம்பத்தைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பையன், நீலக் கால்சட்டை, குழாயைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "எம்மா, எறங்கி வாம்மா" என்று அழுகிறான். அம்மா அந்தக் குழாய்க்குள் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். இவ்வளவு நேரமும் அவனைப் பற்றிய அறிவிப்புகள் அவன் தலைக்கு மேலேதான் ஓடியிருக்கின்றன.

நானே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பந்தலுக்கு வந்தேன். அந்தப் பெண் பிள்ளையை வாங்கின விதத்தைப் பார்த்த பிறகும் நான் விடவில்லை. "யாரக் கேட்டு மைக்க குடுத்த?" என்றேன். "இனிமே அப்டித்தான் நைனா. வரிசையப் பாரு" என்றாய். பார்த்தேன். பிள்ளையைத் தொலைத்த அம்மாக்கள், மாமியாரைத் தொலைத்த மருமகள்கள், வீட்டுக்காரரைத் தொலைத்த கிழவி ஒருத்தி, எல்லாரும் அவரவர் வாயாலேயே கூப்பிட நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கிழவி மைக்கைப் பிடித்து, "யோவ், இங்க இருக்கறேன்யா" என்றதும் ஊரே சிரித்தது, ஏழெட்டுக் கிழவர்கள் பந்தலுக்கு ஓடி வந்தார்கள். வெயில் ஏறிய பிறகு நீயும் நானும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். அப்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "நம்ம பொம்பளைங்களுக்கு வாய் இருக்குது நைனா. எங்க வெச்சாங்கன்னுதான் தெரியல. நாடகத்துல நின்னேன், ஹாஸ்டல்ல நின்னேன், எல்லாத்துலயும் எனக்குப் புடிச்சது இந்த ஒண்ணுதான்னு இப்ப தெரிஞ்சிடுச்சி. அத்தத் தேடிக் குடுக்கற வேலை எதுனா இருந்தா நான் அதுக்குத்தான் போவேன். டீச்சர் வேலைக்குப் போவல." கையில் சோற்றை வைத்துக்கொண்டு, முகத்தில் வியர்வை வழிய, உன் வாழ்நாள் முழுவதற்குமான முடிவை நீ சொன்னாய். எனக்குப் புரை ஏறியது. அடுத்த ஒரு வருஷமும் இதை வைத்துத்தான் நமக்குச் சண்டை.

அந்தச் சண்டைகளுக்காக இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துவிடாதே. கேட்க மாட்டேன். பெண்ணைத் தன்னந்தனியாகத் தர்மபுரிக்கு அனுப்ப எந்த அப்பனும் தயங்கத்தான் செய்வான். நான் கத்தினது நியாயம், நீ எதிர்த்தது அதைவிட நியாயம். என்னைப் போல ஒருவனோடு மூன்று வருஷம் மோதினாயே, அதனால்தான் இந்த வேலைக்கான நேர்முகத் தேர்வில் மூன்று அதிகாரிகள் எதிரில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்டபோது உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் மூன்று பேரும் சேர்ந்தாலும் என் சத்தத்தில் பாதி வராது என்று நீயே வந்து சொல்லிச் சிரித்தாய். உத்தரவு வந்த அன்று நான் ஒப்புக்கொண்டேன், போ என்றேன். முழு மனதோடுதான் சொன்னேன். தோற்றவன் ஒப்புக்கொள்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தோல்வியை இப்போது நீ வந்து கெடுக்கிறாய்.

செவிலிமேட்டு அம்மன் கோயில் ஆடிக் கூழுக்குக் குழாய் கட்டும்போது ஏணி சறுக்கியது, விழுந்தேன். என் தொழிலில் இது நடக்கும். இதில் நீ செய்த பாவம் ஒன்றும் இல்லை. அன்று நீ கல்லூரியில் சர்டிபிகேட் வாங்க மெட்ராசுக்குப் போயிருந்தாய், அதனால் ஆஸ்பத்திரியில் நடந்தது உனக்குத் தெரியாது. உன் அம்மாவும் சொல்லியிருக்க மாட்டாள், வெட்கம். முனுசாமி ஸ்ட்ரெச்சருக்கு ஆள் தேடப் போனான். சீட்டு எழுதுகிற இடத்தில் உன் அம்மா தனியாக வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு பெண், வீட்டுக்காரரைப் பாம்பு கடித்துவிட்டது, பெஞ்சில் கிடக்கிறார். பெயரென்ன என்கிறார் எழுதுகிறவர். அவள் திரும்பித் திரும்பிப் பக்கத்தில் தெரிந்த முகம் யாராவது உண்டா என்று தேடுகிறாள். நான் வலியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்தேன். உன் அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "சொல்லும்மா, உசுரு போற எடத்துல இன்னா வெக்கம்? இப்ப நான் சொல்றேன் பாரு" என்று சொல்லிவிட்டு, என் பெயரைச் சொன்னாள். சத்தமாக, அப்பன் பெயரோடு சேர்த்து, மைக் தேவையில்லாத குரலில். கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை. அந்தப் பெண்ணும் உடனே தன் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னாள், அவரை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பிறகு, "இன்னாடி, பேரெல்லாம் சொல்ற?" என்று கேட்டேன். "உம் பொண்ணு சொல்லிக் குடுத்தா. லீவுக்கு வந்தப்ப வெங்காயம் உரிச்சிக்கினே பத்து வாட்டி சொல்ல வெச்சா. பேரச் சொன்னா ஆயுசு கொறையாதும்மா, சொல்லாட்டிதான் கொறையும்னா" என்றாள். எனக்குத் தெரியாமல் என் வீட்டு அடுப்படியிலேயே நீ உன் வேலையைத் தொடங்கிவிட்டாய். தர்மபுரிப் பக்கத்து ஊர்களிலும் அப்படிச் சீட்டு எழுதுகிற இடத்தில் நின்றுகொண்டு தெரிந்த முகம் தேடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? உன் பெரியப்பாவா?

இப்போது சொல், எனக்குக் கோபம் வருமா வராதா? திண்டிவனத்துப் பெண்ணைப் பேச வைத்தாய், ஓரிக்கைக்காரியைப் பேச வைத்தாய், என் பெண்டாட்டியை என் பெயரைச் சொல்ல வைத்தாய். உன் விஷயம் வந்ததும், எனக்கு இது வேண்டும், நான் போகிறேன் என்று சொல்ல உனக்கு வாய் இல்லை. "நைனா கால்" என்கிறாய். என் கால் எலும்பு ஆடி போனால் ஆவணியில் கூடிவிடும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கடைக்கு ஏணி ஏற முனுசாமி இருக்கிறான், கீழே நின்று கத்த நான் இருக்கிறேன். எனக்குக் கஞ்சி ஊற்ற உன் அம்மா இருக்கிறாள், இப்போது பெயர் சொல்லியே கூப்பிட்டு ஊற்றுகிறாள். உண்மையைச் சொல். பயமா? தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பதை நினைத்துத்தான் போகவில்லை என்கிறாயா? பயம் என்றால் பயம் என்று சொல்லிவிட்டுப் பயத்தோடேயே போ. என் காலைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஒளியாதே. பாசம் என்ற பெயரில் நீ இங்கே உட்கார்ந்தால், ஒவ்வொரு நாளும் நீ ரசம் கொண்டுவந்து வைக்கும்போது நான் என் பெண்ணின் வேலையைக் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் எனக்குத் தொண்டையில் இறங்கும். அது எனக்கு வேண்டாம். மூன்று வருஷம் என்னை ஜெயித்தவள், கடைசியில் என் ஒரு உடைந்த காலிடம் தோற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் படுத்திருக்க முடியாது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். காலையில் முனுசாமி ஏன் செட்டைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான் என்று கேட்டாயே, ரிப்பேர் என்று சொன்னேன். ரிப்பேர் இல்லை. ஒரு குழாயை மாடிக் கைப்பிடிச் சுவரில் தெருவைப் பார்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை காலை, தர்மபுரிக்குப் போக, வேலூர் பஸ்ஸுக்கு நீ பெட்டியோடு வாசலில் நிற்கவில்லை என்றால் மைக்கைப் போடுவேன். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியும் வைத்துவிட்டேன். "காணவில்லை. பெயர் கஸ்தூரி. மாநிறம், நல்ல உயரம், பெற்ற அப்பனுக்கே பயப்படாதவர். மூன்று வருஷம் சண்டை போட்டு ஜெயித்தவர். ஆடிக் கூழ் நாளிலிருந்து காணவில்லை. அவரைப் போலவே ஒரு பெண் எங்கள் வீட்டு அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் அவர் இல்லை. கண்டவர்கள் உடனே வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிடவும்."

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன், சரியாக இல்லை. இப்படி அறிவித்தால் தொலைந்த பிள்ளை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது என்று என் கம்பத்தடியிலேயே நீ காட்டிவிட்டாய். அதனால் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டேன். நீ கல்லூரிக்குப் போன நாளிலிருந்து, பெரிய பெண்ணாகிவிட்டாளே என்று உன்னைக் கஸ்தூரி என்றுதான் கூப்பிடுகிறேன். புதன்கிழமை தெரு முழுக்கக் கேட்டாலும் பரவாயில்லை, மைக்கைப் பிடித்து, நீ சின்னவளாக இருந்தபோது வீட்டில் கூப்பிட்ட மாதிரியேதான் கூப்பிடுவேன்.

பாப்பா, ஏ பாப்பா, நைனா கூப்புடறேன். பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பும்மா.